புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.யில் கம்ப்யூட்டர் கலர் போட்டுவிட்டால் பயாப்ஸி தேவையில்லையா?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், ஜனவரி 4

அப்பாவுக்கு 69 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராத்திரி நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போகிறார். ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 7.8 என்று வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். படத்தில் கம்ப்யூட்டர் இரண்டு இடத்தில் கலர் போட்டிருக்கிறது. ரிப்போர்ட்டில் ஒரு இடத்துக்கு மட்டும் பைராட்ஸ் 3 என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் பயாப்ஸி, அதாவது ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது பற்றிப் பேசுகிறார். ஐ.டி.யில் இருக்கும் என் மச்சான், "ஏ.ஐ. இப்போ டாக்டரைவிட நல்லா பார்க்குது, அதுவே கேன்சர்னு அடிச்சுச் சொல்லலைன்னா ஊசி எதுக்கு" என்கிறான். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

தம்பி, நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். ராயபுரம், பெரம்பூர் பக்கம் ஸ்கேன் சென்டர்களில் வேலை பார்த்தே தலை நரைத்தது. டாக்டர் இல்லை, முடிவை யூராலஜி டாக்டரோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கலர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

புராஸ்டேட்டுக்கு நாங்கள் எடுக்கும் முதல் வகைப் படம் டி2. சுரப்பியின் அமைப்பை அது காட்டும்: வெளிப்பக்கம் வெளிச்சமாக, உள்பக்கம் முடிச்சு முடிச்சாக. இரண்டாவது டிஃப்யூஷன். திசுவுக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று அது அளக்கிறது. விடியற்காலை காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது கூட்டத்துக்குள் மாட்டினால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது, அதே இடத்தில் மத்தியானம் கை வீசி நடக்கலாம். புற்றுச் செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தண்ணீரும் அப்படித்தான் முடங்கும். ஏ.டி.சி. என்ற படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். மூன்றாவது, கையில் மருந்து ஏற்றி, ரத்தம் எங்கே சீக்கிரம் பாய்கிறது என்று பார்ப்பது.

மென்பொருள் இந்தப் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறது. பயாப்ஸி முடிவு ஏற்கெனவே தெரிந்த ஏராளமான ஆண்களின் படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் உங்கள் அப்பாவின் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு சந்தேகம் என்று ஓர் எண் போடுகிறது. எண் கூடின இடம் சிவப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பழைய அழற்சியிலும், வயசான வீக்கத்தின் முடிச்சிலும்கூடத் திசு நெருக்கமாக இருக்கும், அங்கேயும் சிவப்பு வரும்.

பைராட்ஸ் என்பது ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், தரும் மதிப்பெண். 1 என்றால் சந்தேகம் மிகக் குறைவு, 5 என்றால் மிக அதிகம். இப்போது புழக்கத்தில் இருப்பது 2019இல் வந்த 2.1 பதிப்பு. 3 என்றால் இந்தப் பக்கமும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: கலரை வைத்து ஊசியை ஒதுக்க முடியாது. 3 என்ற எண்ணை மட்டும் வைத்து ஊசி கட்டாயம் என்றும் சொல்ல முடியாது. வேறு சில விவரம் வேண்டும்.

ஜனவரி 5

ரிப்போர்ட்டில் சுரப்பியின் நீளம், அகலம், உயரம் இருக்கும். போடுங்கள். அப்பா பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். எதற்குக் கேட்கிறேன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 6

நீங்கள் போட்ட அளவு 5.4, 4.6, 4.8 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் 62 சி.சி. வயசுக்கு வந்த சாதாரணச் சுரப்பி 20, 25 சி.சி.தான் இருக்கும். அப்பாவுக்கு நல்ல வீக்கம். ராத்திரி எழுந்து போவதற்கு அந்த வீக்கமே போதும்.

பி.எஸ்.ஏ. புற்றுநோயில் மட்டும் ஊறுவதில்லை. சுரப்பி பெரிதாக இருந்தாலே கூடுதலாக ஊறும். அதனால் பி.எஸ்.ஏ.வைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்துப் பார்ப்பார்கள். 7.8ஐ 62ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.13. யூராலஜியில் பெரும்பாலும் 0.15ஐக் கோடாக வைக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்து, பைராட்ஸும் 3 என்றால், உடனே குத்தாமல் சில மாதம் கழித்து பி.எஸ்.ஏ.வைத் திரும்பப் பார்ப்போம் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் பயாப்ஸி என்று சொல்வதற்கு வேறு காரணம் இருக்கலாம். விரல் வைத்துப் பரிசோதித்தபோது ஏதாவது கட்டி தட்டுப்பட்டதா என்று கேளுங்கள்.

ஜனவரி 6, பிறகு

அல்ட்ராசவுண்டில் 80 சி.சி. என்று வந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டில் ஓரம் தெளிவாகத் தெரியாது, ஆளுக்கு ஆள் மாறும். எம்.ஆர்.ஐ. அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுரப்பியின் ஓரத்தை ஒவ்வொரு படத்திலும் வரைந்து கொள்ளளவு சொல்லும் வேலையை மனிதன் செய்தால் நேரம் போகும், கை சலிக்கும். மென்பொருள் நொடியில் வரைந்துவிடுகிறது. யாரும் செய்தியில் போடாத வேலை இது, ஆனால் நோயாளிக்குப் பிரயோசனமானது.

ஜனவரி 7

மச்சானுக்கு. ஏ.ஐ. ஜெயித்தது என்று நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் 2024இல் லான்செட் ஆன்காலஜியில் வந்த பை-கை ஆய்வாகத்தான் இருக்கும். நெதர்லாந்து, நார்வே மருத்துவமனைகளில் எடுத்த 10,000க்கும் மேற்பட்ட எம்.ஆர்.ஐ.கள். அதில் 400 பேரின் படங்களை 20 நாடுகளைச் சேர்ந்த 62 ரேடியாலஜிஸ்டுகளுக்குக் கொடுத்தார்கள். அதே படங்களை மென்பொருளுக்கும் கொடுத்தார்கள்.

கவலைப்பட வேண்டிய புற்று உள்ள ஒருவர், இல்லாத ஒருவர் என்று ஒரு ஜோடியை எடுத்து, யார் படத்தில் சந்தேகம் அதிகம் என்று கேட்டால் மென்பொருள் 100க்கு 91 முறை சரியாகச் சொல்லும். ரேடியாலஜிஸ்டுகள் சராசரியாக 86. டாக்டர்கள் பிடித்த அளவுக்கே புற்றைப் பிடித்துக்கொண்டு, வீணாகச் சந்தேகப்பட்டதை மென்பொருள் பாதியாகக் குறைத்தது. இது சின்ன விஷயமே இல்லை. எத்தனையோ பேருக்கு ஊசியும் பயமும் மிச்சம். நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல, நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் வர வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன்.

ஜனவரி 8

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே ஆய்வில் இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது. 1000 பேரின் படங்களில், அன்றாட வேலையில் டாக்டர்கள் எழுதிய அசல் ரிப்போர்ட்டோடு மென்பொருளை வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகத்தான் வந்தன, மென்பொருள் அதற்குக் குறைந்ததில்லை என்றுகூட உறுதியாக நிறுவ முடியவில்லை. காரணம் புரிகிறது. அன்றாட வேலையில் டாக்டர் முன்னால் பழைய ஸ்கேன் இருக்கும், நோயாளியின் கதை இருக்கும், யூராலஜி டாக்டரைப் போனில் கூப்பிட்டுக் கேட்க முடியும். அது எல்லாம் இருக்கும்போது ரேடியாலஜிஸ்ட் நன்றாகவே பார்க்கிறார். ஆக மென்பொருள் ஒரு நல்ல இரண்டாவது ஜோடிக் கண். தனியாக உட்கார்ந்து தீர்ப்பு எழுத இன்னும் ஆகாது.

ஜனவரி 11

இன்றைக்கு லீவு, கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மென்பொருளா டாக்டரா என்று இங்கே சண்டை நீள்கிறது. இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, படம் எடுப்பது. அதை யாரும் பேசுவதில்லை.

மலக்குடல் புராஸ்டேட்டுக்கு ஒட்டிய பின்பக்கம் இருக்கிறது. அதில் வாயு நிறைந்திருந்தால் டிஃப்யூஷன் படம் அந்த இடத்தில் இழுத்துக்கொண்டு கோணலாகும். புற்று அதிகம் வருவதும் அந்தப் பின்பக்க வெளிமண்டலத்தில்தான், பத்தில் ஏழு அங்கேதான். கோணலான படத்தை உலகத்திலேயே சிறந்த மென்பொருளுக்குக் கொடுத்தாலும் அது கோணலைத்தான் படிக்கும். சில சமயம் அந்தக் கோணலுக்கே கலர் போடும். இடுப்பு மூட்டு மாற்றி உலோகம் வைத்தவர்களுக்கும் இதே தொல்லை.

அதனால் நான் ஆளைப் படுக்கவைப்பதற்கு முன் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்வேன். முன்னால் எப்போதாவது பயாப்ஸி செய்தார்களா, எப்போது என்று கேட்பேன். ஊசி போட்ட ரத்தக்கசிவு ஆற ஆறு வாரமாவது வேண்டும், அதற்குள் எடுத்தால் ரத்தமும் நோயும் குழம்பும். பெரியவர்கள் பலருக்கு அரை மணி நேரம் நீரை அடக்கிக்கொண்டு அசையாமல் படுக்க முடியாது. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக் காலை இறுக்குவார்கள், உடனே படம் கலங்கும். "ஐயா, நடுவுல வந்தா இந்தப் பந்தை அமுக்குங்க, நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகமே மாறும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து, புராஸ்டேட் ஸ்கேனின் நேரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு படத்திலும் வரும் துண்டு தடிமனாக, டிஃப்யூஷன் குறைந்த பலத்தில். "ரிப்போர்ட் வருதில்ல, அப்புறம் என்ன" என்றார்கள். அப்படி எடுத்த படத்தில் 6 மில்லிமீட்டர் புள்ளி காணாமல் போகும். திரும்ப எடுக்க வந்தவர்களின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அங்கே இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். அந்த மாதிரி இடத்தில் மென்பொருளையும் வாங்கி வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கலர் அழகாக வரும், நோயாளி நம்புவார்.

ஆகவே ஸ்கேன் எடுத்த இடத்தில் சி.டி. கேட்டு வாங்குங்கள். அச்சடித்த ஃபிலிம் மட்டும் போதாது. படத்தின் தரம் போதுமா என்று யூராலஜி டாக்டரையோ வேறொரு ரேடியாலஜிஸ்டையோ பார்க்கச் சொல்லுங்கள். இதற்கென்றே படத்துக்கு மதிப்பெண் போடும் பை-குவால் என்ற முறையும் இருக்கிறது.

ஜனவரி 13

"எம்.ஆர்.ஐ., ஏ.ஐ. எல்லாம் காசு பிடுங்கும் வழி, அந்தக் காலத்தில் நேராகப் பயாப்ஸி செய்வார்கள்" என்று வியாசர்பாடி அண்ணன் எழுதியிருக்கிறார். காசு விஷயத்தில் அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கால முறை எப்படி? ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்டை வைத்து, நோய் எங்கே என்று தெரியாமலே சுரப்பி முழுக்கப் பரவலாக 10, 12 இடத்தில் ஊசி. இங்கிலாந்தில் ப்ராமிஸ் என்ற ஆய்வு, 2017இல் வெளியானது. 576 பேருக்கு எம்.ஆர்.ஐ., பழைய முறை ஊசி, அப்புறம் சுரப்பி முழுவதையும் சல்லடை போடும் விரிவான பயாப்ஸி, மூன்றும் செய்தார்கள். முக்கியமான, அதாவது கவலைப்பட வேண்டிய புற்றில் பழைய ஊசி பிடித்தது 48 சதவீதம். எம்.ஆர்.ஐ. 93 சதவீதம். பாதிக்கு மேல் கோட்டை விட்ட முறை அது, அண்ணே.

அதே ஆய்வில் எம்.ஆர்.ஐ.யின் பலவீனமும் தெரிந்தது. முக்கியமான புற்று இல்லாதவர்களில் 41 சதவீதம் பேருக்குத்தான் அது சரியாக இல்லை என்றது. மீதிப் பேரைச் சும்மா சந்தேகப்பட்டது. மென்பொருள் உதவக்கூடிய இடம் அதுதான்.

செலவுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. கையில் மருந்து ஏற்றி எடுக்கும் அந்த மூன்றாவது படத்தை விட்டுவிட்டு, முதல் இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தாலும் முக்கியமான புற்றைப் பிடிப்பதில் குறைவில்லை என்று 2025இல் ப்ரைம் ஆய்வு காட்டியது. 490 பேர். இரண்டு முறையிலும் 29 சதவீதம் பேருக்கு முக்கியமான புற்று பிடிபட்டது. மருந்துச் செலவு இல்லை, மெஷின் நேரமும் குறையும். ஆனால் அந்த ஆய்விலும் முதலில் படத்தின் தரத்தைச் சரிபார்த்த பிறகே ஆஸ்பத்திரிகளைச் சேர்த்தார்கள். திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறேன்.

தனியாரில் கட்ட முடியாதவர்கள் ஸ்டான்லி யூராலஜி ஓ.பி.யில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் தம்பி அப்பாவின் மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார். நீர் இறங்க டாம்சுலோசினும், சுரப்பியைச் சுருக்க டூட்டாஸ்டரைடும் சேர்ந்த மாத்திரை. ஒரு வருடத்துக்கும் மேலாகச் சாப்பிடுகிறாராம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையாம்.

ஜனவரி 6இல் போட்ட கணக்கை இப்போது வேறு மாதிரி போட வேண்டும். டூட்டாஸ்டரைடும் ஃபினாஸ்டரைடும் ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பாதியாக இறங்கும். நோய் இறங்கியதாக அர்த்தம் இல்லை, எண் மட்டும் இறங்கும். ஆகவே டாக்டர்கள் அதை இரட்டிப்பாக்கித்தான் படிப்பார்கள். 7.8 என்பது 15.6. அதை 62ஆல் வகுத்தால் 0.25. கோட்டுக்குக் கீழே இருந்தவர் நன்றாக மேலே போய்விட்டார். மாத்திரை சுரப்பியையும் கொஞ்சம் சுருக்கும் என்பதால் கணக்கு துல்லியமாக இருக்காது, ஆனால் திசை தெளிவு.

டாக்டர் ஏன் பயாப்ஸி என்றார் என்பது இப்போது புரிகிறது. மாத்திரையை எழுதிக் கொடுத்தவர் அவர், அவர் மனதில் இந்தக் கணக்கு இருந்திருக்கும். வீட்டில் உட்காரவைத்து விளக்கிச் சொல்ல ஓ.பி.யில் நேரம் கிடைத்திருக்காது. தள்ளிப்போடாதீர்கள் தம்பி.

ஜனவரி 18

ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சில மென்பொருட்கள் படத்தோடு வயதையும் பி.எஸ்.ஏ. எண்ணையும் வாங்கிக்கொண்டுதான் கணக்குப் போடும். அதில் 7.8 என்று தட்டியிருந்தால் அது 7.8 என்றே நம்பும். மாத்திரை அட்டையைப் பற்றி அதற்கு யார் சொல்வது? என் வேலை இடத்தில் ஸ்கேனுக்கு முன் நிரப்பும் தாளில் பேஸ்மேக்கர் உண்டா, உலோகம் உண்டா என்று கேட்கிறோம். "புராஸ்டேட்டுக்கு என்ன மாத்திரை, எத்தனை மாதமாக" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எங்கள் ரேடியாலஜிஸ்டிடம் பேசினேன். சரி என்றார்.

இங்கே படிப்பவர்கள் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு ஸ்கேனுக்கும் எடுத்து வாருங்கள்.

ஜனவரி 20

தண்டையார்பேட்டை அம்மா ஒருவர், வீட்டுக்காரர் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, என் பெரியப்பாவும் அப்படித்தான். திருவொற்றியூரில் இருந்தார். ராத்திரி பத்து தடவை எழுந்தாலும் வயசாயிடுச்சு என்பார். முதுகு வலி வந்தபோது தைலம் தேய்த்தார், அப்புறம் எலும்பு டாக்டரைப் பார்த்தார். பி.எஸ்.ஏ. பார்த்தபோது நூற்றுக்கணக்கில் இருந்தது. எலும்பில் பரவிவிட்டது. நான் தினமும் அடுத்தவர் வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வடசென்னையில் நான் பார்க்கும் பெரியவர்களில் பலர் இப்படிப் பரவிய பிறகே வருகிறார்கள். அவர்களுக்கு எந்த மென்பொருளும் வேண்டாம், எலும்பு ஸ்கேனைத் தூரத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

வீட்டுக்காரரிடம் கேன்சர் என்று தொடங்காதீர்கள். நீர் போக மாத்திரை வாங்கலாம் வாங்க என்று கூட்டிப் போங்கள். மகன் இருந்தால் மகன் போகட்டும். சில பேருக்கு மனைவி முன்னால் டாக்டரிடம் பேச வாய் வராது, மைத்துனர் கூட வந்தால் பேசுவார்கள்.

ஜனவரி 24

பயாப்ஸி தேதி கிடைத்தது நல்லது. ஃப்யூஷன் முறை என்கிறார்கள் என்றால், எம்.ஆர்.ஐ.யில் குறித்த இடத்தை நேரடி அல்ட்ராசவுண்டின் மேல் கம்ப்யூட்டர் பொருத்திக் காட்டும், டாக்டர் அந்த இடத்துக்கே ஊசியைக் கொண்டுபோவார். சி.டி. அதற்கும் வேண்டும். ஆசனவாய் வழியா, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியா என்று கேளுங்கள். தோல் வழியில் மலக்கிருமி உள்ளே போகும் ஆபத்து குறைவு. அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா? எடுத்தால் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்லும் நாளில் நிறுத்துங்கள். பிறகு சில நாள் சிறுநீரிலும், சில வாரம் விந்திலும் ரத்தம் தெரியலாம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குளிர் காய்ச்சல் வந்தால் மட்டும் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 9

தம்பி முடிவைப் போட்டிருக்கிறார். இடது வெளிமண்டலத்தில் குறித்த இடத்தில் புற்று, அதன் தரத்துக்குப் போடும் க்ளீசன் மதிப்பெண் 3+4. கம்ப்யூட்டர் கலர் போட்ட இரண்டாவது இடம், நடுவில் இருந்தது, வெறும் வீக்க முடிச்சு. ரேடியாலஜிஸ்ட் அதற்கு மதிப்பெண்ணே தராமல் விட்டது சரியாகப் போயிற்று.

மச்சான், "பார்த்தீங்களா, ஏ.ஐ. பிடிச்சது" என்கிறார். பிடித்தது உண்மை. ஒன்றுமில்லாத இடத்தையும் சேர்த்துப் பிடித்தது, அதை டாக்டர் விலக்கினார். சந்தேகம் 3 என்று நின்றபோது மாத்திரை அட்டைதான் ஊசி வரை கொண்டுபோனது.

3+4 என்றால் கிரேடு குரூப் 2. நடுத்தரம். வீட்டில் அழவேண்டிய நாள் இல்லை இது. இங்கிலாந்தில் ப்ரோடெக்ட் என்ற ஆய்வில் சுரப்பிக்குள்ளேயே நோய் நின்ற 1643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். எந்தப் பிரிவிலும் 100க்கு 97 பேர் வாக்கில் இந்த நோயால் சாகவில்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் வெளியே பரவியது, மற்ற இரண்டு பிரிவிலும் 5 சதவீதம் வாக்கில். அதில் இருந்தவர்கள் பெரும்பாலோர் 3+3 என்ற குறைந்த தரத்தினர் என்பதையும் மனதில் வையுங்கள். அப்பாவுக்கு எது என்பதை யூராலஜி டாக்டர், கதிர்வீச்சு டாக்டர் இரண்டு பேரையும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். அவசரமாக இந்த வாரமே கையெழுத்துப் போடத் தேவையில்லை.

பிப்ரவரி 10

தம்பி, நீங்களும் உங்கள் அண்ணனும். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. குடும்பத்தில் இருப்பவர்கள் 45 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பற்றி டாக்டரிடம் பேசலாம். அண்ணனுக்கு 47 என்றீர்கள், அவருக்கு இப்போதே பார்க்கலாம். வெறும் வயிறு தேவையில்லை, எண்ணூர் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியிலேயே ரத்தம் கொடுக்கலாம். நீர்க்கடுப்போ காய்ச்சலோ இருந்தால் சில வாரம் தள்ளிப்போடட்டும். முந்தின இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம், எண் கூடிக் காட்டும். முடி கொட்டுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், அதிலும் ஃபினாஸ்டரைடு இருக்கும்.